மச்சமா, தூசியா?

பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாவற்றையும் தாண்டி 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். இடது கன்னத்தில் ஒரு மச்சம். வலது முழங்கையில் ஒரு தழும்பு. கிளாஸ் வாத்தியார் சட்டைக் கையை மடக்கச் சொல்லி, தேடிக் கண்டுபிடித்து எழுதினது. நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு அரசாங்கத்துக்கு அந்த மச்சம்தான் சாட்சி. மார்க்கெல்லாம் அப்புறம்.

அந்த மச்சத்தை ஒரு மெஷின் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டால்? சிரிக்காதீர்கள். நடக்கிறது.

2019-ல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் வெளியே வந்தார். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது வருஷம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர். அந்த முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், ஊர் தாங்காத கூட்டம். அதற்கு முன்னால் வந்தது 1979-ல். அடுத்து 2059. (அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன். எண்பதைத் தாண்டுகிறது.)

அந்தக் கூட்டத்துக்கு நடுவே உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு வேறு ஒரு ஞாபகம் வந்திருக்கிறது. 'எழுபத்தொன்பதுல குடும்பத்தோட போட்டோ எடுத்துக்கிட்டோமே, அது எங்க?' பரணில் தேடியிருக்கிறார்கள். பிரின்ட் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். கவருக்குள் நெகட்டிவ் மட்டும் பிழைத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் வந்தார்கள். பேர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சின்னக் கடை. பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், மூலையில் பிலிம் ஸ்கேன் செய்கிற ஒரு பிளாட்பெட் ஸ்கேனர்.

ஜெராக்ஸ் மெஷின் மாதிரிதான் இருக்கும் அது. மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஒரு வண்டி ஓடுகிறது. அதில் முகம் பார்க்கும் கண்ணாடி, லென்ஸ், படத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார். நெகட்டிவை ஸ்கேன் செய்ய மூடிக்குள்ளும் ஒரு விளக்கு உண்டு. வெளிச்சம் மேலேயிருந்து பிலிமைத் துளைத்து, கண்ணாடியைத் துளைத்து, கீழே போகிறது. வழியில் எது குறுக்கே நின்றாலும் அதுவும் படத்தில் விழும். பிலிமில் ஒரு தூசி, கண்ணாடியில் ஒரு ரேகை, எதுவானாலும்.

இதற்கு மருந்தாக 'டிஜிட்டல் ஐஸ்' என்று ஒன்று கண்டுபிடித்தார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கலர் பிலிமைக் கழுவி முடித்தபின் அதில் மிஞ்சுவது சாயம் மட்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அந்தச் சாயத்தை ஊடுருவிப் போய்விடும். தூசியை ஊடுருவாது. எனவே அகச்சிவப்பில் ஒரு முறை பார்த்து, எது மறைக்கிறதோ அது தூசி என்று முடிவு கட்டி, அந்த இடத்தை அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிவிடுகிறது மெஷின்.

கறுப்பு வெள்ளையில்தான் மாட்டிக்கொள்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உருவம் என்பதே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும். ஆக, மெஷினின் பார்வையில் தாத்தா, பாட்டி, பின்னால் தெரியும் கோபுரம் எல்லாமே தூசி!

வெள்ளி என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வரும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. 'பழைய பட்டுப்புடவை இருக்கா?' என்று தெருவில் கேட்டு வருகிறவர்கள் அதை எரித்து வெள்ளி எடுப்பதற்குத்தான் வாங்குகிறார்கள். பழைய எக்ஸ்ரேவுக்கும் நெகட்டிவுக்கும் இதே கதி உண்டு. பாட்டியின் முகூர்த்தப் புடவையும், அதைக் கட்டிக்கொண்டு அவள் நின்ற போட்டோவும் ஒரே காரணத்துக்காக எடைக்குப் போகின்றன. அப்படித் தொலைவதற்கு முன்னால் பிரதி எடுத்து வைப்போம் என்று பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முனைந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். நம் ஸ்டூடியோக்காரர் அவர் அளவுக்கு அதையே செய்கிறார், ஒரு நெகட்டிவுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு.

ஆட்டோமேட்டிக் மருந்து வேலைக்கு ஆகாததால் அவர் ஒவ்வொரு புள்ளியாகக் கையால்தான் நீக்க வேண்டும். ஒரு குடும்பப் படம். நடுவில் ஓர் அம்மா. இடது கன்னத்தில் ஒரு புள்ளி. கடைப் பையன் எல்லாப் புள்ளிகளோடும் சேர்த்து அதையும் அழித்துவிட்டான். படம் வாங்க வந்த பெண் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எங்கம்மா மாதிரி இல்ல."

அதற்கப்புறம் அவர் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். சந்தேகமான புள்ளி வந்தால் நெகட்டிவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன். புள்ளி கண்ணாடியோடு அதே இடத்தில் நின்றால் கண்ணாடி அழுக்கு. முகத்தோடு சேர்ந்து திரும்பினால் பிலிமில் இருக்கிறது. பிலிமில் இருப்பது தூசியா, மச்சமா? அதே ரோலில் அடுத்த படத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் அதே கன்னத்தில் அதே புள்ளி என்றால் மச்சம். ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவு துப்பறியும் வேலை!

'இதிலென்ன இருக்கிறது? அந்தக் காலத்து ஸ்டூடியோவிலேயே நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் செய்தவர்கள்தானே?' என்று கேட்கலாம். செய்தார்கள். சுருக்கத்தை நிரவினார்கள், பருவை மறைத்தார்கள். ஆனால் அன்றைக்குப் படத்துக்கு உரியவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். 'மச்சம் இருக்கட்டும்யா' என்று சொல்ல வாய் இருந்தது. நாற்பது வருஷம் கழித்து அழிக்கும்போது கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாதவருடைய பொருளைச் சுத்தம் செய்வது தனி ரகம். அங்கே என்ன செய்தாலும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

காஞ்சிபுரத்தைவிட இதற்கு நல்ல ஊர் கிடையாது. பாவு நீட்டிக் கட்டிய பிள்ளையார்பாளையம் தெருக்களைத் தாண்டிப் போனால் கைலாசநாதர் கோயில். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் சின்னச் சின்ன சன்னதிகள். அவற்றின் சுவர்களில் ஒரு காலத்தில் பல்லவ ஓவியம். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவர் மங்கலாக இருக்கிறது, சாமி இருக்கிற இடம், சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அடித்திருப்பார்கள். பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931-ல் அந்தப் பூச்சுக்குக் கீழே வண்ணம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்றைக்குப் போனால் ஒரு கண், ஒரு தோள், ஒரு சோமாஸ்கந்தர் படத்தின் மிச்சம் என்று துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

கும்பாபிஷேகத்துக்கு என்று மணலைப் பீய்ச்சிக் கல்லைப் பளபளப்பாக்கி, கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கதையும் நம் ஊரில் உண்டு. வாட்டிகனில் சிஸ்டைன் தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ ஓவியங்களை 1980-ல் சுத்தம் செய்ய ஆரம்பித்து 1994-ல் முடித்தார்கள். மெழுகுவத்திக் கரி போனது, வண்ணம் பளிச்சென்று வந்தது. கரியோடு சேர்த்து அந்த மனிதர் கடைசியாகத் தொட்டு வைத்த நிழலையும் துடைத்துவிட்டீர்கள் என்று சிலர் சண்டைக்குப் போனார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

அப்போ கை வைக்காமல் இருப்பதுதான் தர்மமா? அப்படிச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டூடியோக்காரர் மீதிக் கதையைச் சொன்னார்.

ஒரு நாள் ராத்திரி கரன்ட் போய்விட்டது. டார்ச் அடித்துக்கொண்டு எதையோ தேடும்போது வெளிச்சம் ஸ்கேனர் மேல் சாய்வாக விழுந்திருக்கிறது. கண்ணாடி முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஒரு படலம். துணியால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் தடவினார். வழவழவென்று இருக்கிறது, படலம் அப்படியே இருக்கிறது. அது கண்ணாடிக்கு உள்பக்கம்.

மெஷினுக்குள் இருக்கிற பிளாஸ்டிக், கிரீஸ், பசை எல்லாம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விடும். அது கண்ணாடியின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். புதுக் காரில் முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் மாதிரி படியுமே, அதே சமாச்சாரம். வெளியே எத்தனை சுத்தமாக வைத்திருந்தாலும் வரும். அழுக்கு வெளியிலிருந்து வரவில்லை, மெஷினின் சொந்த வியர்வை.

தலைகீழாகத் திருப்புகிற பரீட்சையில் இது மாட்டாது. புள்ளியாக இருந்தால்தானே இடம் மாறும்? இது எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறது. படம் மொத்தமும் ஒரு பிடி மங்கல். வெளிச்சமான இடம் இருட்டான இடத்துக்குள் கொஞ்சம் கசிந்துவிடும். பார்க்கிறவர் 'பழைய நெகட்டிவ், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடுவார். மெஷின் பண்ணின குற்றத்துக்குத் தாத்தா காலத்து போட்டோகிராபர் பழி சுமப்பார்.

நான் பி.காம். படித்ததில் இன்றுவரை மறக்காதது ஒன்றே ஒன்று. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. முதல் பதிவிலேயே தொகையைத் தப்பாக எழுதிவிட்டால், பற்றிலும் தப்பு, வரவிலும் அதே தப்பு. இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். ஆடிட்டரே வந்தாலும், மூல பில்லை எடுத்துப் பார்த்தால் தவிர, கண்டுபிடிக்க முடியாது. உள்கண்ணாடிப் படலம் அந்த ஜாதித் தப்பு.

திறந்து துடைப்பதா, விடுவதா? திறந்தால் வாரன்டி போகும். (அது எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்.) உள்ளே இருக்கும் முகக்கண்ணாடிகளில் ரசம் மேல்பக்கமே பூசியிருக்கும், விரல் பட்டாலே கீறல். விட்டுவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு வாடிக்கையாளரும் புகார் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. யாருக்கும் தெரியாது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது, யாருக்கும் வலிக்கவில்லை. அப்படிப்பட்ட குறை, குறைதானா?

நானாக இருந்தால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் திறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேனைக்கூடப் போடாமல். ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்சட்டத்தைக் கண்ணாடியோடு தூக்கிக் கவிழ்த்து, நார் உதிராத துணியில் கொஞ்சமாக ஆல்கஹால் நனைத்து, கண்ணாடியை மட்டும் துடைத்தார். திரவத்தை நேராகத் தெளிக்கக் கூடாது. முகக்கண்ணாடிப் பக்கமே போகவில்லை. மூன்று மணி நேரம்.

அதில் அவர் ரொம்பப் பயந்தது கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் ஒரு வெள்ளைப் பட்டைக்கு. காகிதத்தை ஸ்கேன் செய்ய ஆரம்பிக்குமுன் மெஷின் அந்தப் பட்டையைத்தான் பார்க்கும். 'இதுதான் வெள்ளை' என்று மனசில் வாங்கிக்கொண்டு கிளம்பும். நெகட்டிவுக்கும் இதே மாதிரி, ஓரத்தில் ஒரு காலி இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் கடுகளவு தூசி விழுந்தாலும் போச்சு, அங்கே ஆரம்பித்து படத்தின் கடைசிவரை ஒரு கோடு. தறியில் பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு மாதிரியான சட்டத்தில் ஒரு பல் வளைந்திருந்தால், புடவை முழுக்க நீளத்துக்கு ஒரு கோடு ஓடுமே, அதைப்போல. "அளவுகோல்லயே அழுக்கு இருந்தா அப்புறம் என்ன சார் பண்றது?" என்றார்.

பழைய நெகட்டிவ் ஒன்றை வைத்துப் பார்த்தார். இருட்டு இருட்டாக வந்தது. வித்தியாசம் அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்த நிமிஷமே இன்னொன்றும் தெரிந்துவிட்டது. இத்தனை மாசமாகச் செய்துகொடுத்த அத்தனை படமும் மங்கல்.

கணக்கில் இதற்குத் திருத்தப் பதிவு என்று ஒன்று போடுவோம். தப்பைக் கண்டுபிடித்த தேதியில், காரணத்தோடு. நோட்டுப் புத்தகத்தில் போடுவது சுலபம். வாடிக்கையாளருக்கு போன் போட்டு, 'நீங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போன படம் சரியில்லைங்க, நெகட்டிவ் கொண்டு வாங்க, காசு வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அவர் மனைவி, "உங்களுக்கு வேற வேலை இல்லியா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

பில் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முக்கால்வாசிப் பேர் "நல்லாத்தானே இருக்கு, விடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். சிலருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. காசு கேட்கப் போகிறார் என்று நினைத்து ஒருத்தர் கட் பண்ணிவிட்டார். நாலைந்து பேர்தான் வந்தார்கள். அதில் ஒரு வயசான அம்மா, தன் கல்யாணப் படத்தைப் புதிதாக எடுத்துக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்திருக்கிறார். முன்பு மங்கலாக அப்பியிருந்த இடத்தில் இப்போது புடவைக் கரையில் அன்னம் தெரிகிறது. "தம்பி, இது என் புடவை இல்லப்பா. எங்கக்காவோடது. முகூர்த்தப் புடவை வந்து சேரல, அவளோடதைக் கட்டிவிட்டாங்க. மறந்தே போயிட்டேன்" என்றாராம். அக்கா இப்போது இல்லை.

இரண்டு பேர் மட்டும் படத்தை பென் டிரைவில் வாங்கின கையோடு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே." அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை வைத்துவிட்டார். அந்த இரண்டு குடும்பத்தின் பைல்களை மட்டும் தனி போல்டரில், மேலே எந்தத் திருத்தமும் செய்யாமல், அப்படியே வைத்திருக்கிறார்.