காண்டால்ஃபின் வாயில் சாருமானின் சொற்கள்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகம் 1954இல் வெளிவந்தது. அதில் எல்ரண்டின் ஆலோசனைச் சபை கூடும் அத்தியாயம் ஏறக்குறைய முழுக்கப் பேச்சுதான். தன்னைச் சிறைவைத்த சக மந்திரவாதி சாருமான் என்ன சொன்னான் என்பதை மந்திரவாதி காண்டால்ஃப் அங்கே விவரிக்கிறார். சாரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. சாருமானின் நீண்ட சொற்பொழிவையே வாக்கியம் வாக்கியமாக ஒப்பிக்கிறார். நூலின் பின்னிணைப்புக் காலவரிசைப்படி காண்டால்ஃப் சிறைப்பட்டது ஜூலை 10. சபை கூடியது அக்டோபர் 25. மூன்றரை மாதம் கழித்து ஒருவரால் இப்படிச் சொல்ல முடியுமா?

மனிதரால் பெரும்பாலும் முடியாது. அமெரிக்க அதிபர் நிக்சனின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன், அதிபருடன் பேசியதையெல்லாம் 1973இல் வாட்டர்கேட் விசாரணையில் நுணுக்கமாகச் சொன்னார். மனித டேப்ரிக்கார்டர் என்றே அழைக்கப்பட்டார். உரையாடல்களின் ஒலிநாடாக்கள் வெளிவந்த பின், உளவியலாளர் உல்ரிக் நைசர் இரண்டையும் ஒப்பிட்டு 1981இல் எழுதினார். 1972 செப்டம்பர் 15 உரையாடலைப் பற்றி டீன் சொன்ன சொற்களில் பெரும்பகுதி நாடாவில் இல்லை. ஆனால் அதிபருக்குத் தெரிந்தே குற்றம் மூடி மறைக்கப்பட்டது என்ற அடிப்படைச் செய்தி சரியாக இருந்தது.

காண்டால்ஃப் மனிதரல்ல, அதனால் அவருக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று சொல்லிவிடலாம். அது சோம்பலான பதில். டோல்கீன் கதைக்குள்ளேயே இதைவிட நல்ல காரணங்களை வைத்திருக்கிறார். ஒன்று, தனிமை. சாருமானின் ஆர்த்தாங்க் கோபுரத்தின் உச்சியில் செப்டம்பர் 18 வரை, இரண்டு மாதத்துக்கும் மேலாக, காண்டால்ஃப் அடைபட்டுக் கிடந்தார். துரோகத்தின் சொற்களைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதைத் தவிர அங்கே வேறென்ன வேலை? மனத்தில் ஓட்டிப் பார்க்கப் பார்க்கத்தான் சொல் ஆழப் பதியும்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மாதிரிப் பேச்சு அவருக்குப் புதிதல்ல. எதிரியின் நாடான மோர்டோரின் தூதர்கள் வாயிலிருந்து முன்பே கேட்டதுதான் என்று சாருமானின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். பழைய காலம் முடிந்துவிட்டது என்று கம்பீரமாகத் தொடங்கும் சாருமான், போகப்போகக் குழைகிறான்: வளரும் சக்தியோடு சேர்ந்துகொள்வோம், நடக்கும் கொடுமைகளுக்கு மனசுக்குள் வருந்திக்கொள்வோம், நோக்கம் மாறாது, வழிமுறை மட்டும்தான் மாறும். மொழியறிஞர் டாம் ஷிப்பி இதில் நவீன அரசியல்வாதியின் நடையைக் கண்டார். இப்படி ஓர் அச்சில் வார்த்த பேச்சு எளிதில் மறப்பதில்லை.

சாரம் மட்டும் போதாதா என்றால், போதாது. சாருமான் துரோகி என்று ஒற்றை வரியில் சொல்லியிருந்தால் சபை நம்பியிருக்கும். ஆனால் அவனுடைய ஆபத்தை உணர்ந்திருக்காது. அவன் ஆயுதமே பேச்சு. சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பதன் பயனை ஹோமரிடமும் பார்க்கலாம். இலியட் ஒன்பதாம் காண்டத்தில், அகமெம்னான் தருவதாகச் சொன்ன பரிசுப் பட்டியலை ஒடிஸியஸ் அகிலிஸிடம் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிறான்; அகிலிஸ் அகமெம்னானுக்குப் பணிய வேண்டும் என்ற கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறான். மற்றதெல்லாம் அப்படியே வருவதால்தான் அந்த விடுபடல் நம் கண்ணில் படுகிறது.

டோல்கீனிடம் இதற்கு நேரெதிரான ஒரு தூதும் இருக்கிறது. உதவி வேண்டுமென்றால் உடனே வா, தாமதித்தால் பயனில்லை என்று சாருமான் சொல்லியனுப்புகிறான். கொண்டுவருபவர் இன்னொரு மந்திரவாதியான ரடகாஸ்ட், சூது அறியாதவர். கேட்டதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அந்த நேர்மையை நம்பித்தான் காண்டால்ஃப் பொறிக்குள் போகிறார். அந்தச் சிறிய செய்தியையும் அவர் சபையில் மறக்காமல் சொல்கிறார்.

இத்தனைக்கும் மேல் இன்னொரு படி இருக்கிறது. இந்தக் கதை, ஹாபிட்களான பில்போவும் ஃபிரோடோவும் எழுதிய சிவப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்பது நாவலின் ஏற்பாடு. இருவரும் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆக நாம் படிக்கும் சாருமான், காண்டால்ஃபின் நினைவையும் அவர்கள் நினைவையும் கடந்து வந்தவன். சொற்கள் தேய்ந்திருக்கலாம், குரல் தேயவில்லை. நாவலாசிரியரிடம் நாம் கேட்கவேண்டிய துல்லியம் அந்தக் குரலில் இருப்பதுதான் என்பேன்.

அந்த அத்தியாயத்தை அடுத்த முறை எடுக்கும்போது சாருமானின் பேச்சை வாய்விட்டுப் படியுங்கள். கம்பீரம் எந்த வாக்கியத்தில் குழைவாக மாறுகிறது என்று கவனியுங்கள்.