உடும்பாக வந்த ஈசனும் ஊன் படைத்த அடியாரும்



நம் ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் இங்கே எந்த உருவில் வந்தார்? உடும்பாக வந்தார் என்கிறது தலபுராணம். அந்த உடும்பைத் துரத்திக்கொண்டே வந்த அம்பாள்தான் மரகதாம்பிகையாக இங்கே நிற்கிறாள். வேடன் கண்ணில் பட்டால் அன்றைக்கே உலையில் ஏறிவிடக்கூடிய ஓர் உயிர் அது. எயினர் என்னும் வேடர்களின் குடியிருப்புக்குப் போகும் பாணருக்கு உடும்புக்கறி கிடைக்கும் என்று பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. காட்டை நம்பி வாழ்ந்தவருக்கு விருந்து. நமக்கோ அது ஈசன் எடுத்த வடிவம். இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. முதுகுவலிக்கு நல்லது என்று யாரேனும் மறைத்துக் கொண்டுவந்தால் வாங்கிவிடாதீர்கள்.

இதை ஏன் இப்போது எடுத்தேன்? நம் ஊர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். லைன் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "என்ன சாப்பிடுவீங்க?" கேன்டீனில் ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். ஆடு, கோழி சாப்பிடுகிறவர் மாட்டுக்கறி என்றால் முகம் சுளிக்கிறார். மாட்டுக்கறி சாப்பிடுகிறவரில் பலர் பன்றியைத் தொடமாட்டார். பன்றி சாப்பிடுகிறவர் நாய்க்கறி என்று கேட்டதுமே பதறுகிறார். எல்லாருக்கும் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவனைத் தாழ்ந்தவன் என்று எண்ணுகிற இடத்தில்தான் பாவம் நுழைகிறது.

வேடரான கண்ணப்ப நாயனாரை நினைத்துப் பாருங்கள். திண்ணனார் என்ற இயற்பெயர் கொண்ட அவர் காட்டுப்பன்றியை வேட்டையாடி, தீயில் வாட்டி, எந்தத் துண்டு ருசி என்று தன் பல்லால் கடித்துப் பார்த்துக் காளத்தி மலை ஈசனான காளத்தியப்பருக்குப் படைத்தார். மறுநாள் சிவகோசரியார் வருகிறார். ஆகம முறை வழுவாத பெரியவர். சந்நிதியில் எலும்பும் ஊனும்! துடித்துப் போனார், அழுதார், அலம்பிச் சுத்தம் செய்து மறுபடி பூசை செய்தார். இப்படியே நாள்கள் போயின. ஈசன் அவர் கனவில் வந்தார். வந்து என்ன செய்தார்? "நீயும் ஊன் படை" என்று சொல்லவில்லை. உன் பூசை எனக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வேடனின் அன்பை ஒளிந்திருந்து பார் என்றார். ஆறாம் நாள் திண்ணனார் தன் கண்ணைப் பிடுங்கி ஈசன் கண்ணில் அப்பினதை அந்த மரக்கறி உண்ணும் அந்தணர் கண்ணாரக் கண்டார். இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் பெருமான் இந்த இருவரில் எவரையும் சிறுமைப்படுத்தவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்படியானால் புலால் மறுப்பதற்கு மதிப்பில்லையா? மிகப் பெரிய மதிப்பு உண்டு. உயிர்க்கொலையை நினைத்து நெஞ்சு உருகிப் புலாலை விட்டவர் உயர்ந்தவர். வள்ளுவர் அதற்கு 26ஆம் அதிகாரம் முழுவதையும் கொடுத்தார். ஆனால் அதைத் துறவறவியலில் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். துறவு என்பது என்னை நான் அடக்குவது. அடுத்தவனை அடக்குவதற்கு அதில் இடமே கிடையாது. விருந்தோம்பலையோ இல்லறத்தான் கடமையாக 9ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார்.

புரட்டாசி வந்தால் நம் பக்கத்துக் கறிக்கடைகளில் கூட்டம் குறைந்துவிடுகிறது. பெருமாளுக்காக நாவைக் கட்டுகிறோம். அந்த மாதத்தில் யாரும் நம்மை வற்புறுத்துவதில்லை. ஐப்பசி பிறந்ததும் மறுபடி சாப்பிட்டால் யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதுமில்லை. நமக்கு நாமே தந்துகொள்ளும் அந்த மரியாதையை ராஞ்சியிலிருந்து வந்த பெண்ணுக்கும் கொடுங்கள். வாடகைக்குக் கேட்டு வந்தால் ஷிப்ட் எப்போது, தண்ணீர் எவ்வளவு வேண்டும், ஊரில் அம்மா அப்பா நலமா என்று கேளுங்கள். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.