பிள்ளைக்காக என்று சொல்லும்போது

தலைநகரில் அரசுக் குடியிருப்பில் வாழும் நம்மவர்க்கு நாற்பதைக் கடந்ததும் சொந்த வீடு பற்றிய கவலை பிறக்கிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தபின், ஒதுக்கீட்டு வீடு நிலையான கூரை அன்று என்பது நன்கு புலனாயிற்று. தில்லிக்குள் வாங்க வசதியில்லை. எனவே ஃபரீதாபாதா, நொய்டாவா என்னும் வினா பல இல்லங்களில் இரவுணவுக்குப் பின் எழுகின்றது.

கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய நாம் தாளை இரண்டாக மடித்துக் கணக்கெழுதத் தொடங்குகிறோம். ஃபரீதாபாதிலிருந்து மெட்ரோவின் ஊதாத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே மத்தியச் செயலகத்தில் இறங்கலாம். 2015 முதல் கிட்டிய வசதி இது. 1976இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நொய்டாவிலோ அகன்ற சாலைகள். அருகே மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள், கோயில். (இட்லி மாவு கிடைக்கும் கடைவரை கணக்கில் ஏறிவிடுகிறது!) இறுதியில், எவ்வூரைத் தேர்ந்தாலும், 'எல்லாம் பிள்ளைக்காக' என்று முடிக்கிறோம்.

இச்சொல்லைச் சற்று ஆராய்தல் வேண்டும். முடிவைத் தீர்மானித்தவை கடன் தவணையும் நம் அலுவலகப் பயணமுமே அன்றோ? அவற்றின்மேல் 14 வயதுப் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டால், அவன் மறுத்துப் பேசவே வழியில்லை. பேசினால் நன்றி கொன்றவன் ஆகிறான்.

அவன் இழப்பது யாது? லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயில்பவன் என்று கொள்வோம். வீட்டில் அவன் பேசுவது நமக்கு விடைகூறும் தமிழ், தெருவில் இந்தி. தோழரோடு சண்டையிட்டு, கேலி செய்து, சமாதானமாகும் தமிழ் அப்பள்ளி முற்றத்தில் மட்டுமே உண்டு. அது அறுந்தால் சங்கத்து விழா மேடையில் ஆண்டுக்கொருமுறை ஒப்பிக்கும் தமிழே எஞ்சும். வயதும் இடைஞ்சலானது. ஒன்பதாம் வகுப்பிலேயே மத்திய வாரியத்தில் பெயர் பதிவாகிவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற வாரியத்தின் இசைவு வேண்டும்.

1947 பிரிவினையில் வீடிழந்து வந்த வடமேற்கு எல்லைப்புற மக்களுக்காக எழுந்ததுதான் ஃபரீதாபாதின் புதுநகர். அன்று எந்தத் தந்தையும் மகனிடம் கருத்துக் கேட்டிருக்க இயலாது. கேட்காததைக் குற்றமென்று யாரும் சொல்லார். நமக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கின்றது. வாய்ப்புள்ளவனுக்கே விளக்கம் சொல்லும் கடமையும் உண்டு.

அதற்காக முடிவை அவன் தலையில் சுமத்துவதும் நேர்மையன்று. அவ்வீட்டில் அவன் வாழப்போவது நான்கைந்து ஆண்டுகள், நாமோ முதுமைவரை. தவணை கட்டுவோரும் நாமே. ஆயினும் அவனுடைய நான்காண்டும் நம் இருபதாண்டும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. முடிவெடுத்துவிட்டு 'உனக்கு எது பிடிக்கும்?' என்று கேட்பதோ, கேளாமையினும் கொடிது. சம்பளம் இவ்வளவு, தவணை இவ்வளவு என்று தாளையே அவன் முன் வைக்கலாம். 14 வயதில் அவ்வளவு கணக்குப் புரியும்.

நம் நோக்கில் ஃபரீதாபாதே மேல். சாலை குறுகலாயினும், அதே ஊதாத் தடம் பள்ளிக்கு அண்மையிலுள்ள கான் மார்க்கெட் வழியே செல்வதால் அவன் பள்ளியை விடவேண்டியதில்லை. ஆனால் இருள் பிரியுமுன் எழுந்து புறப்பட வேண்டியவன் அவன். அதற்கு உடன்படுவானா என்று முதலில் கேட்டாக வேண்டும். மாட்டேன் என்றால், மடித்த தாளை மறுபடி விரிக்க வேண்டியதுதான்.