படிப்பும் ஒரு சாக்கும்

பல வருஷங்களாக நான் கையில் பென்சில் இல்லாமல் நாவல் படித்ததில்லை. மதிப்புரைக்காக, நண்பர்களோடு வாக்குவாதத்துக்காக, ஒரு பட்டியலில் சேர்ப்பதற்கோ தள்ளுவதற்கோ படித்தேன். புத்தகம் முடியுமுன்பே அபிப்பிராயம் தயாராகிவிடும். 2019 ஜூனில் இந்தப் பழக்கத்தை ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். எதைப் பற்றியும் எழுதுவதில்லை. பிடித்தால் படிப்பது, பிடிக்காவிட்டால் மூடிவிடுவது.

அது சென்னையில் தண்ணீர் இல்லாத மாதம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் அநேகமாக வற்றிப்போயிருந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது ஜூலை 12ஆம் தேதி. நான் சொல்லும் நாட்கள் அதற்கு முந்தியவை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் குடங்களோடு ஓட வேண்டும். ஓடியது என் மனைவி.

முதலில் எடுத்தது 'பொன்னியின் செல்வன்'. இந்தப் பக்கங்களில் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. 1950இல் தொடர்கதையாகத் தொடங்கிய அந்த நாவலைப் பற்றி நாம் சொல்லிவந்த குறைகளில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் ஆடிப்பெருக்கன்று ததும்பி நிற்கும் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிற முதல் அத்தியாயத்தைப் படித்தபோது ஏற்பட்டது கலப்பற்ற சந்தோஷம். அன்றைக்குச் சென்னைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரில் ஒரு பங்கு அதே வீராணத்திலிருந்து குழாய் வழியே வந்ததுதான். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

பிறகு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. முன்பு இரண்டு முறை, அதைப் பற்றி எழுதுவதற்காகவே படித்திருக்கிறேன். தண்ணீரைக் குறியீடாகக் கொள்ளலாமா கூடாதா என்று ஒரு முழுப் பக்கம் எழுதியதும் ஞாபகமிருக்கிறது. இம்முறை ஜமுனாவும் சாயாவும் டீச்சரம்மாவும் எனக்கு வெறும் மனுஷிகளாக இருந்தார்கள். ஜமுனா தண்ணீருக்காக அலைவதை நான் ரசித்துக்கொண்டிருந்த வேளையில் தெருவில் லாரியின் ஹார்ன் கேட்டது. மனைவி குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் இரண்டாம் நடை வந்து குடத்தை இறக்கிய சத்தத்தில்தான் தலையை நிமிர்த்தினேன்.

"படிங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அதில் பரிகாசம் இல்லை. நான் படிக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டில் வெகுகாலத்துச் சட்டம். படிப்பது என் வேலை என்பதால் வந்த சட்டம். இந்த மாதம் அது வேலை இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

டால்ஸ்டாய் 'கலை என்பது என்ன?' என்ற நூலில் கலையின் நோக்கம் இன்பம் என்பவர்களை, உணவின் நோக்கம் ருசி என்பவர்களோடு சேர்க்கிறார். அந்தக் கண்டிப்பில் தம் பெரிய நாவல்களையே மோசமான கலை என்று தள்ளிவிடுகிறார். அவற்றில் ஒன்றான 'அன்னா கரீனினா'வையும் அந்த மாதம் படித்தேன். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் ரயிலில் அன்னா ஒரு ஆங்கில நாவலைப் பிரிக்கிறாள். அவளுக்குப் படிப்பு ஓடவில்லை. பிறர் வாழ்வின் நிழலைப் பின்தொடர முடியாத அளவுக்குத் தானே வாழ வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு. அந்தத் தவிப்பை நான் சாய்வு நாற்காலியில் எந்தத் தவிப்பும் இல்லாமல் அனுபவித்தேன்.

டால்ஸ்டாயின்படி என் குற்றம் இன்பம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பென்சிலோடு படித்த வருஷங்களிலும் குடம் தூக்கியது அவள்தான். அப்போது அது உறுத்தவில்லை. இலக்கியத்துக்கு ஏதோ செய்கிறோம் என்ற சாக்கு இருந்தது. அந்தச் சாக்கின் மறைவில் எத்தனை பேருடைய உழைப்பையும் நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாம். இன்பத்துக்கு இப்படி ஒரு மறைவு கிடையாது. பிடித்திருக்கிறது, படிக்கிறேன் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால், என் பிடித்தத்துக்காக வெயிலில் நிற்பது யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. இன்பம் நம்மை நல்லவர்களாக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் நமக்குச் சாதகமாக அது சாட்சி சொல்வதுமில்லை.

ஜமுனா என்னைத் திருத்திவிட்டாள் என்றும் சொல்ல மாட்டேன். அன்று புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. காலிக் குடத்தோடு திரும்பி வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்: இந்த மாதம் எதுவும் எழுதவில்லை, பிடித்ததால் படிக்கிறேன், அவ்வளவுதான் என்று.

"பின்னே, இத்தனை வருஷமும் பிடிக்காமலா படிச்சீங்க?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு என் பழைய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். அமைப்பைப் பற்றியும் பிரக்ஞையைப் பற்றியும் நிறைய இருக்கிறது. ஒரு புத்தகம் எனக்குப் பிடித்தது என்று ஓரிடத்திலும் இல்லை.