பிரம்பும் மௌனமும்

தவறு செய்த சிறுவனை என்ன செய்வது? ஆசிரியத் தொழில் தோன்றிய நாள் முதலாய் எழுந்துவரும் வினா இது. அடிப்பது, அது இயலாதபோது வெளியேற்றுவது என்பதே பெரும்பாலும் இதற்கு விடையாக இருந்து வந்துள்ளது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. ஆயினும், பிரம்பைக் கீழே வைத்த கை அடுத்து எதை எடுப்பது என்பதைச் சட்டத்தால் கற்பிக்க இயலாதன்றோ?

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது. 2001இல் அலி ஸ்மித், ஆத்மன் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், அவர்தம் நண்பர் ஆந்திரேஸ் கொன்சாலஸும் தொடங்கிய அமைப்பு ஒன்று, வறுமை சூழ்ந்த மேற்குப் பகுதிச் சிறுவர்க்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும் கற்பித்து வந்தது. ராபர்ட் டபிள்யூ. கோல்மன் தொடக்கப்பள்ளியில் இதற்கென ஓர் அறையும் ஏற்பட்டது. சண்டையிட்ட சிறுவன் அங்கு அனுப்பப்படுவான். மெத்தையில் அமர்ந்து மூச்சை மெல்ல இழுத்து விடுவான். சினம் தணிந்ததும், நடந்தது என்ன, இனிச் செய்யவேண்டியது என்ன என்று பரிவுடன் வினவப்படுவான். அவ்வறை ஏற்பட்டபின் அப்பள்ளியில் எவரும் இடைநீக்கம் செய்யப்படவில்லை என்ற செய்தி 2016இல் உலகெங்கும் பரவிற்று.

செய்தி இனியது. எனினும், இடைநீக்கம் என்பது பள்ளி நிருவாகம் எடுக்கும் முடிவு. அது நின்றது என்பதாலேயே சிறுவர் மனம் மாறிற்று என்று கூறிவிட இயலாது. ஐக்கிய இராச்சியத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே நடத்தப்பெற்ற பேராய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. வகுப்பு முழுமைக்கும் பாடமாகக் கற்பித்த தியானம், வழக்கமான பாடங்களைவிட மனநலத்தில் மிகுந்த பயன் எதனையும் தரவில்லை என்பதே அம்முடிவு. அனைவர்க்கும் கட்டளையிட்ட அமைதி வேறு. கொதித்து நிற்கும் ஒரு சிறுவனருகே ஒருவர் அமர்ந்திருப்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

மற்றொரு தடையும் உண்டு. நியூஜெர்சி மாநிலப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட ஒருவகைத் தியானம் சமயச் சார்புடையது என 1979இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளையின் சினத்தைத் தணிக்க, மற்றொரு பிள்ளையின் நம்பிக்கையில் கை வைத்தல் நீதியாகாது. மூச்சு அனைவர்க்கும் பொது, மந்திரம் அவ்வாறன்று.

இவை ஒருபுறமிருக்க, தண்டனையை விட்டால் நீதி என்னாவது என்று வினவுவோர்க்கு என்ன விடை? இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாமும் பிரம்பு பிடித்தவரே. ஒரு நாள், தோழனின் நூலைக் கிழித்த சிறுவன் ஒருவனுக்கு நான்கு அடி கொடுத்தோம். அடி முடிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றிற்று: கணக்குத் தீர்ந்தது என்னும் நிம்மதி! கிழிந்த நூலைப் பற்றி அவன் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் நினைக்கவில்லை. நூலுக்குரியவன் கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வீடு சென்றான். நாம் அன்று நிலைநாட்டியது நீதியா, நம் சினமா?

மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்தம் ஊக்கத்தைக் கெடுத்து, அச்சத்தால் பொய்யும் வஞ்சமும் பயிலச் செய்யும் என்று 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்கியுள்ளார். அவ்வறிஞரைக் கற்றிருந்தும் நம் கை பிரம்பை நாடிற்று. அரபியில் ‘தஃதீப்’ என்னும் சொல் தண்டித்தலையும் குறிக்கும், பண்படுத்தலையும் குறிக்கும். ‘அதப்’ என்னும் நற்பண்பே அதன் வேர். வேரை மறந்து தண்டித்தலை மட்டும் பற்றிக்கொண்டோம் நாம்.

அடி, அடித்தவனோடு கணக்கைத் தீர்த்துவிடுகிறது; இழந்தவனின் கணக்கோ அப்படியே நிற்கிறது. அமைதி, அந்தக் கணக்கைப் பிள்ளையின் கண்முன் விரித்து வைக்க வல்லது. ஆதலின் அது சலுகையன்று, அடியைவிடக் கடினமானது. ஆனால், மூச்சை இழுத்து விட்டவுடன் “போய் வா” என அனுப்பிவிட்டால், அதுவும் மற்றொரு பிரம்பே. வலியில்லாத பிரம்பு என்பது ஒன்றே வேறுபாடு. அமைதிக்குப்பின் அவன் எழுந்து சென்று கிழிந்ததை ஒட்டித் தரவேண்டும். இழந்தவனை நேர்நோக்கி ஒரு சொல் சொல்லவேண்டும். அதுவரை உடனிருப்பதே ஆசிரியரின் கடமை.

அதற்குமுன் ஆசிரியரும் சற்று அமைதியாய் அமர்தல் நலம். அன்று பிரம்பை ஓங்குமுன் பத்து முறை மூச்சு விட்டிருப்போமாயின், அந்தக் கிழிந்த நூல் நம் கண்ணிலும் பட்டிருக்கும்.