எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிப்பது?

போன வருஷம் சித்தி பையன் வாட்ஸப்பில் கேட்டான். "அண்ணா, டிபெஷ் மோட் கேக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவன் நான். யோசிக்கவே இல்லை. "வயலேட்டர். 1990. மொத்தம் ஒன்பது பாட்டு. லைட்ட அணைச்சிட்டு கேளு" என்று அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது.

"செம்மயா இருந்துச்சுணா. முடிச்சிட்டேன். அடுத்து வேற பேண்ட் எதாச்சும் சொல்லுங்க."

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைக் கேட்டான், பிடித்திருந்தது, நன்றியும் சொன்னான். ஆனாலும் அந்த 'முடிச்சிட்டேன்' எனக்குள் முள்ளாகத் தைத்தது. பதினைந்து ஸ்டுடியோ ஆல்பங்கள், நாற்பது வருஷத்துக்கும் மேலான ஒரு வாழ்க்கை, அதில் ஒரு சாவு, ஒரு சாவின் விளிம்பு, இரண்டு பேரின் விலகல். எல்லாம் நாலு நாளில் முடிந்துவிட்டது. தப்பு அவன் மேல் இல்லை, நான் சொன்ன பதிலில்தான் ஏதோ கோளாறு என்று தோன்ற ஆரம்பித்தது. அது என்ன கோளாறு என்று தேடியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, உச்சத்திலிருந்து. இன்னொன்று, முதலிலிருந்து.

உச்சம் என்றால் 'வயலேட்டர்'தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அது எப்படி உச்சம் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும். 'என்ஜாய் த சைலன்ஸ்' பாட்டை மார்ட்டின் கோர் முதலில் எழுதியபோது அது ஆர்மோனியத்தில் மெதுவாக நகரும் ஒரு சோகப்பாட்டு. அதை வேகமாக்கலாம், தாளம் சேர்க்கலாம் என்று சொன்னவர் ஆலன் வைல்டர். கோருக்கு அது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பிறகு வைல்டரும் தயாரிப்பாளர் ஃப்ளட்டும் சேர்ந்து அதை இன்று நமக்குத் தெரிந்த பாட்டாக மாற்றினார்கள். தன் பாட்டை இன்னொருவர் கையில் விட்டுக்கொடுக்க கோரும், அதை எடுத்து மாற்ற வைல்டரும் ஏழெட்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்துப் பழகியிருந்தார்கள். நேராக அங்கே போய் இறங்குகிறவனுக்குப் பாட்டு கிடைக்கும். அந்தப் பழக்கத்தின் நீளம் கிடைக்காது. மலை உச்சியில் ஹெலிகாப்டரில் இறங்கியவன் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவதில் ஆச்சரியம் என்ன?

சரி, முதலிலிருந்தே போகலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். முதல் ஆல்பம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்', 1981. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் பாசில்டன் என்ற ஊரிலிருந்து வந்த நாலு பையன்கள். கிடார் அனேகமாக இல்லை. எல்லாம் சிந்தசைஸர். பளிச்சென்ற, துள்ளலான பாட்டுகள். அதிலிருக்கும் 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' இன்றும் கால்பந்து மைதானங்களில் கூட்டமாகப் பாடப்படுகிறது. ஆனால் அந்த ஆல்பத்தின் பதினோரு பாட்டில் ஒன்பதை எழுதியவர் வின்ஸ் கிளார்க். அந்த வருஷக் கடைசியிலேயே அவர் விலகிவிட்டார். யாஸூ, பிறகு இரேஷர் என்று போய் அங்கே தன் துள்ளலைத் தொடர்ந்தார்.

ஆக, முதல் ஆல்பத்தில் இருப்பது யாருடைய இசை? பெயர்ப்பலகை டிபெஷ் மோட். பாடுவது டேவ் கான். ஆனால் பாட்டின் உயிர் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று புளூட்டார்க் எழுதி வைத்த பழைய புதிர் ஒன்று உண்டு. அங்கே பலகைகள் ஒவ்வொன்றாக மாறும். இங்கே முதல் பயணம் முடிந்ததுமே கப்பல் கட்டியவரே இறங்கிப் போய்விட்டார். கரையில் நின்றிருந்த மற்றவர்கள், "சரி, நாமளே ஓட்டுவோம்" என்று ஏறினார்கள்.

அப்படி ஏறியதன் சாட்சிதான் இரண்டாவது ஆல்பம், 'எ புரோக்கன் ஃப்ரேம்', 1982. எல்லாப் பாட்டும் கோர் எழுதியவை. மூன்றே பேர். மேடையில் வாசிக்க வைல்டரைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் இந்தப் பதிவில் அவரைச் சேர்க்கவில்லை. அவர் இல்லாமலும் எங்களால் முடியும் என்று ஊருக்குக் காட்டும் பிடிவாதம் அது. கேட்டால் தெரியும், பாதி இடங்களில் கை நடுங்குகிறது. பழைய துள்ளலைப் போலி செய்யும் பாட்டுகளும் உண்டு, இருட்டை முதல்முறையாகத் தொட்டுப் பார்க்கும் பாட்டுகளும் உண்டு. நல்ல ஆல்பமா என்று கேட்டால், சுமார்தான். ஆனால் தெரியாமல் நிற்கிறவர்களின் சத்தம் அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

அடுத்த வருஷம் 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்'. வைல்டர் முழு ஆளாக உள்ளே வந்துவிட்டார். கட்டுமான இடங்களுக்குப் போய்க் குழாயையும் தகரத்தையும் தட்டி, அந்தச் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றையே இசைக்கருவியாக்கினார்கள். கலவை வேலை பெர்லினில், ஹான்சா ஸ்டுடியோவில், சுவர் எழுப்பிய எல்லைக்குப் பக்கத்தில். முழங்கால் உரசி எழுந்தவர்கள் தடுமாறி நடக்க ஆரம்பித்து, தங்கள் நடையைக் கண்டுபிடிக்கிற இடம் அது.

இப்படி ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கு உறுத்தியது வேறொன்று. இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், இந்த பேண்டுக்குள் நான் எப்படி வந்தேன் என்பது ஞாபகம் வந்தது. அதை வெகுநாளாக ஞாபகப்படுத்திக்கொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் ஹார்ட் டிஸ்க்கில் என்ன படம் இருக்கிறது என்று பார்க்கப் போன என்னிடம், கேட்காமலே ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்து கொடுத்தார். 'அல்ட்ரா', 1997. "இத கேளுடா. மொதல்ல புரியாது. பரவால்ல, கேளு." அவ்வளவுதான்.

கேட்டேன். இருட்டாக, கனமாக, சலிப்பாக இருந்தது. ஆனால் எதுவோ பிடித்துக்கொண்டது. அதன்பின் ஒரே மாதத்தில் கிடைத்ததையெல்லாம் கேட்டேன், படித்தேன், தரவரிசைகளை மனப்பாடம் செய்தேன். புதிதாக அறிவு வந்த திமிரோடு ஒரு நாள் அவர் அறைக்குப் போய், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். "அண்ணே, அல்ட்ரா அவங்க பெஸ்ட்டே இல்லணே. யாராச்சும் அத போய் மொதல்ல குடுப்பாங்களா? வயலேட்டர்தான குடுத்திருக்கணும்."

அவர் சிரித்தார். "அப்படியா, சரிடா" என்றார். அதற்கப்புறம் பாட்டைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை.

'அல்ட்ரா' எப்படி உருவானது என்பதை நான் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். 1995இல் வைல்டர் விலகிவிட்டார். 1996இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவ் கான் அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்து, இதயம் இரண்டு நிமிடம் நின்று, பிழைத்தார். பேண்ட் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கிருந்து மீண்டு வந்து பாடிய ஆல்பம் அது. அந்தக் குரலில் இருக்கும் களைப்பு நடிப்பில்லை.

இன்னொன்றையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த சீனியர் ஒரு செமஸ்டர் கல்லூரிக்கு வராமல் போனது மஞ்சள் காமாலையால் இல்லை. அவர் ஒரு குடிமீட்பு மையத்தில் இருந்தார். இதை அவர் பேட்ச்மேட் ஒருவர், நாங்கள் எல்லோரும் கல்லூரியை விட்டு வந்து ரொம்ப காலத்துக்குப் பிறகு, ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னார். சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த "அப்படியா, சரிடா" காதில் கேட்டது.

அவர் எனக்கு ஒரு ஆல்பத்தைச் சிபாரிசு செய்யவில்லை. தன்னைப் பற்றி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில், ஒன்றைச் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு மார்க் போட்டு, குறைவு என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இங்கே ஒருவர் கேட்கலாம். அப்போ தரம் என்று ஒன்று கிடையாதா? அவரவர் மனநிலைக்கு ஏற்றதெல்லாம் நல்ல ஆல்பம்தானா? இல்லை. 'எக்சைட்டர்' ஆல்பத்தைவிட 'வயலேட்டர்' மேலானது. இதைக் காரணத்தோடு வாதிட முடியும், நானே வாதிடுவேன். டேவிட் ஹியூம் ரசனையின் அளவுகோலைப் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டையும் அழகாகப் பிரிக்கிறார். பயிற்சியாலும் ஒப்பீட்டாலும் ரசனை கூர்மையாகும், எல்லாக் கருத்தும் சமமில்லை என்கிறார். அதே கட்டுரையில், ஒருவருக்கு இருபது வயதில் ஓவிட் பிடிக்கும், நாற்பதில் ஹொரேஸ், ஐம்பதில் டாசிட்டஸ் என்றும் சொல்கிறார். நண்பனைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் நமக்குப் பிடித்த எழுத்தாளனையும் தேர்ந்தெடுக்கிறோம், அதில் சண்டைக்கு இடமில்லை என்பது அவர் கட்சி.

என் கோளாறு இங்கேதான் இருக்கிறது. 'எது சிறந்தது' என்பது ஆல்பத்தைப் பற்றிய கேள்வி. 'எங்கிருந்து ஆரம்பிப்பது' என்பது கேட்கிற ஆளைப் பற்றிய கேள்வி. இரண்டாவதைக் கேட்டவனுக்கு முதலாவதன் பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலைச் சொல்ல, எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே தேவையில்லை. யாருக்கு வேண்டுமானாலும் காப்பி-பேஸ்ட் செய்யலாம். அறிவு மாதிரி தோன்றும் ஒரு சோம்பேறித்தனம் அது. சீனியரிடம் நான் காட்டியதும் அதைத்தான்.

ஆளைப் பார்த்துச் சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தவரை இப்படி. கூட்டத்தில் இருந்தால்தான் பாட்டு ஏறும் என்கிறவருக்கு '101'. அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது கச்சேரி, 1988 ஜூன் 18, கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம். 60,000 பேருக்கு மேல். பென்னபேக்கர் எடுத்த படமும் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு மேல் பொறுமை இல்லாதவருக்கு 1985இலும் 1998இலும் வந்த இரண்டு சிங்கிள்ஸ் தொகுப்புகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலையிடத்தில் எதையோ புதிதாக, தெரியாமல் ஆரம்பித்து முழித்துக்கொண்டிருக்கிறவருக்கு 'எ புரோக்கன் ஃப்ரேம்', கையோடு 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்'. விழுந்து எழுந்துகொண்டிருப்பவருக்கு 'அல்ட்ரா'.

யாரையாவது பறிகொடுத்தவருக்கு 'மெமென்டோ மோரி', 2023. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஆரம்ப நாளிலிருந்து கூட இருந்த ஆண்டி ஃப்ளெட்சர் 2022 மே மாதம் இறந்துபோனார். அவர் பாட்டு எழுதியவர் அல்ல, முன்னால் நின்று பாடியவரும் அல்ல. கணக்கு வழக்கைப் பார்த்து, சண்டையை விலக்கி, வீட்டை வீடாக வைத்திருந்தவர். சாவை நினைவில் கொள் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு அவர் சாவதற்கு முன்பே முடிவானது. ஆனால் இன்று கேட்கிற யாராலும் அவரை நினைக்காமல் அதைக் கேட்க முடியாது.

இதையெல்லாம் யோசித்த பிறகு, வெட்கத்தோடு தம்பிக்கு மறுபடி மெசேஜ் போட்டேன். "டேய், அன்னிக்கு ஏன்டா கேட்ட? திடீர்னு?"

"சும்மாதாணா. நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க. காலைல ஆறு மணிக்கு கேப்ல வரும்போது ஊரே எந்திரிக்குது, நான் தூங்கப் போறேன். ஒரு மாதிரி இருக்கும். அப்ப கேக்கலாம்னு."

முதல் தடவையே இதைக் கேட்டிருந்தால் நான் 'வயலேட்டர்' என்று சொல்லியிருக்கவே மாட்டேன். 'பிளாக் செலிப்ரேஷன்', 1986. இன்னொரு கறுத்த நாள் ஒருவழியாக முடிந்தது என்பதையே கொண்டாடலாம் என்று ஆரம்பிக்கிற ஆல்பம். அதை அனுப்பினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடு, லைட்டை அணை என்றெல்லாம்கூட.

சீனியரின் பழைய நம்பருக்கும் அன்றைக்கு 'அல்ட்ரா'வின் படத்தை அனுப்பி, "அண்ணே, இப்பதான் புரியுது. அன்னிக்கு நான் பேசுனது தப்பு" என்று எழுதினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. இன்னும் ஒற்றை டிக்தான்.

தம்பியிடமிருந்து மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் காலை ஆறே காலுக்கு ஒரு வாய்ஸ் நோட். பின்னணியில் வண்டிச் சத்தம்.

"அண்ணா, மொத ரெண்டு பாட்டு ஓகே. மூணாவது பாட்டுல வேற ஒருத்தர் பாடறாருல்ல, அது யாருணா? வயலேட்டர்லயும் ரெண்டாவது பாட்டு இவர்தான் போல. அப்ப நான் கவனிக்கவே இல்ல. இரு, அத மறுபடி கேட்டுட்டு சொல்றேன்."