கொப்பிக்குள் இருப்பது யாருடையது?



உடுவிலிலிருந்து தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளினிக்குக்குச் செல்லும் முதியவரின் பையில் ஒரு கொப்பி இருக்கும். சலரோகம், இரத்த அழுத்தம், குளிசைகளின் பெயர், ஒவ்வாத மருந்து எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அது தொலைந்தால் அத்தனை விபரமும் தொலைந்ததுதான். இன்று அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இவ்விபரங்கள் கணனியில் ஏறி வருகின்றன. நன்மையே. ஆயினும், கொப்பி நோயாளியின் கையில் இருந்தது. கணனியின் திறவுகோல் யார் கையில் இருக்கவேண்டும்?

இறுகப் பூட்டுங்கள் என்பர் சிலர். காரணம் உண்டு. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் வைத்தியசாலைகளின் கணனிகளுக்குள் புகுந்த திருடர், 15 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர். பிரதமரின் விபரமும் தப்பவில்லை. நம்மூரிலோ கணனித் திருடனே தேவையில்லை. ஒரு பெண் மனநலக் கிளினிக்குக்குப் போனாள் என்ற சொல் ஒழுங்கையைத் தாண்டினால் போதும், பேச்சுக்கால் குழம்பிவிடும். இதற்கு அஞ்சியே பலர் வைத்தியரை நாடாமல் நோயை மறைக்கின்றனர்.

ஆனால், நள்ளிரவில் நினைவிழந்து கொண்டுவரப்படும் ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்ற விபரம் பூட்டுக்குள் கிடந்தால், அப்பூட்டே அவர் உயிருக்கு உலைவைக்கலாம். 2022 நவம்பர் 23இல் புதுடில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் கணனிகளைத் தீயோர் முடக்கியபோது, பல நாட்கள் தாளிலும் பேனாவிலுமே வேலை நடந்தது. விபரம் களவு போவதும் தீங்கு; வேண்டிய நேரத்தில் கிடையாமற்போவதும் தீங்கு.

திருச்சபை என்ன சொல்கின்றது? மனிதனின் நற்பெயரும் அந்தரங்கமும் காக்கப்படுவது அவனது உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எடுத்துரைத்தது. பாவசங்கீர்த்தன இரகசியத்துக்கு விலக்கே இல்லை. வைத்தியரின் இரகசியமும் காக்கப்படவேண்டியதே. எனினும் பெருந்தீங்கைத் தடுக்க அரிதாக விலக்கு உண்டு என்பது திருச்சபையின் போதனை. ஏனெனில் நோயாளி அதைச் சொன்னதே தன் உயிரைக் காக்கத்தான்.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். காயப்பட்டவனைச் சாவடிக்காரனிடம் ஒப்படைத்தான். பராமரிப்பவனுக்குக் காயம் தெரியவேண்டும், தெரிந்தது. அவன் பெயரையோ இன்றுவரை நாம் அறியோம். குணமாக்கும் கைக்குத் திறக்கவும், வேடிக்கை பார்க்கும் கண்ணுக்கு மூடவும் வேண்டும். அவசரத்தில் எவரும் திறக்கட்டும். திறந்தவர் யார், எந்நேரம், எதற்காக என்பதைக் கணனி பதிந்து வைக்கட்டும்.

நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நல விபரங்களைச் சிறப்பு வகையாகக் கொள்கின்றது. ஆனால் சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு: நமது வீடு. "செபியுங்கள்" என்று சொல்லி, உறவினரின் பரிசோதனை அறிக்கையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றோமே! அவரிடம் கேட்டோமா? பெயரும் நோயும் சொல்லாமலே செபிக்கலாம், இறைவனுக்குத் தெரியும்.

இனி ஒருவரைப் பார்க்கச் சென்றால், "என்ன வருத்தமாம்?" என்று கேட்பதை விட்டு, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்போம்.